வழக்கு எண் பதினேழு

தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்து ஒடிந்துவிட்டது.
அது வரும் இடமெல்லாம் பேனாவால் நிரப்பியிருக்கிறேன்.
பொறுத்துக்கொள்ளவும்.

வாதி எஸ்தோர்ஹியா யெஸ்காஸ்.
மேல்சரிவு. பனிமூட்டம் பத்து மணிக்குத்தான்
விலகும் காடு. வெள்ளைச் சோளம்.
பிரதிவாதி ஃபிலதெல்ஃபோ பௌதிஸ்தா.
அவளுக்கு மேற்கே ஒரு கல்வரிசை தள்ளி
கருநீலச் சோளம்.
குற்றம்: அத்துமீறி நுழைந்தது.

மேசைமேல் ஒரு கதிரை வைத்துத் தோகை உரித்தாள்.
பன்னிரண்டு வரிசை, முந்நூற்றெண்பத்து நான்கு மணி.
(எண்ணியது நான். இரண்டு தடவை.)
வெள்ளைக்கு நடுவில் பதினான்கு நீலம்.
"சொத்தைப்பல் மாதிரி இளிக்கிறது பாருங்கள்.
மணிக்கொரு பட்டிழை. பதினான்கு இழை
இவன் தூளை வாங்கியிருக்கிறது."

ஃபிலதெல்ஃபோ தொப்பியைக் கழற்றவில்லை.
"என் சோளம் நட்ட இடத்தில்தான் நிற்கிறது.
கணுவேரும் ஊன்றி நிற்கிறது.
நடந்து போயிருந்தால் கால்தடம் காட்டட்டும்.
என் நீலத்திலும் மங்கல் விழுந்திருக்கிறது,
அவள் வெள்ளைதான் அது.
நான் வழக்குப் போட்டேனா?"

தீர்ப்புச் சொல்லவேண்டியவர் ஹெதூலியோ.
இந்த வருஷம் ஊர்ப்பொறுப்பு அவர் முறை,
மற்ற வருஷங்களில் லாரி ஓட்டுகிறார்.
காற்றுக்குச் சம்மன் அனுப்பலாமா என்று
என் காதில் கேட்டார்.
முகவரி இல்லை என்றேன்.

பிறகு சாட்சிகள் வந்தார்கள், வந்தவர்கள் போகவில்லை.
ஆற்றோரத்து செனாய்தா
தன் மஞ்சள் மூன்றே மாதத்தில் முற்றும் என்றாள்.
அதை யாரும் கேட்கவில்லை.
கிரிஸ்பின் காட்டில் ஒன்பது மாதம் நிற்பது ஒன்று,
ஆள் உயரம் இரண்டு,
அந்தரத்தில் தொங்கும் வேரிலிருந்து
கஞ்சி போல் வடியும்; தொட்டால் விரல் ஒட்டும்.
தோகை இறுக்கிக் கட்டியது ஒன்று,
கிளி கொத்திப் பார்த்துவிட்டுத் திட்டிப் போகும்.
சிவப்பு அப்படியெல்லாம் ஒரே வருஷத்தில் காட்டிக்கொடுக்காது,
அது தாயின் தோல்,
உள்ளே பதுங்கி அடுத்த விதைப்பில்தான்
முகம் காட்டும் என்றார் ஒருவர்.
எஸ்தோர்ஹியாவின் முகம் மாறியது.
சிவப்பு யாருடையது என்று
அப்போதே கேட்கத் தொடங்கினாள்.

பதிவுக்காக நான் கேட்டேன்:
மொத்தம் எத்தனை வகை?
எண் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
எந்தச் சரிவில், என்றார்கள்.
ரொட்டிக்கா, கூழுக்கா,
பிள்ளை பெற்றவளுக்கா, கோழிக்கா.
தாள் தீர்ந்துவிட்டது.
மீதியை மின்கட்டண ரசீதின் பின்னால் எழுதினேன்.

தீர்ப்பு: வருகிற வைகறை மழைக்குப் பின்
ஒருவர் விதைத்து இருபது நாள் கழித்தே
மற்றவர் விதைக்கவேண்டும்.
ஒருவர் குஞ்சம் உதிர்க்கையில்
மற்றவர் இழை நீட்டாதிருக்க.
இருவரும் கையெழுத்திட்டார்கள்.
முந்தப்போவது யார் என்று
படியிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

மழை அவ்வருஷம் ஐந்து வாரம் தாமதம்.
வந்த அன்று
மலையே ஒன்றாகக் குனிந்து விதைத்தது.
இருபது நாளை எங்கே போய்த் தேட?

ஆனால் அதற்கு முன்பு,
விதை பொறுக்கும் மாதத்தில் ஒருநாள்,
கதவைத் தட்டாமல் வந்தாள் எஸ்தோர்ஹியா.
ஆதாரத்தைத் திருப்பிக் கொடு என்றாள்.
அது குற்றம் ஆயிற்றே என்றேன்.
"குற்றம் குற்றம்தான், விதை விதைதான்.
நுனிவரைக்கும் மணி பிடித்த கதிர்
என் காட்டில் அது ஒன்றே."

ரசீது அடித்தேன். வழக்கு எண், தேதி, கதிர் ஒன்று.
அவள் கதிரை ஜன்னல் வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.
"பதிமூன்று" என்றாள்.

நான் ஒடிந்த எழுத்தைப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
வெளியே கூடைப்பந்து மைதானத்தில்
பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.
கம்பத்தடியில், சிமெண்டு விட்டுக்கொடுத்த
ஒரு சாண் மண்ணைச் சுற்றி
மூன்று கல் வைத்திருந்தேன்,
பந்து படாதிருக்க.